ஒரே கல்லறையில் 2 விக்டோரியா கிராஸ்! குண்டு மழையில் ஆள் தேடிய டாக்டர்

பெல்ஜியம் நாட்டில் ஈப்பர் நகரத்துக்குப் பக்கத்தில் பிரான்ட்ஹூக் என்ற சின்ன ஊர். அங்கே ஒரு ராணுவ இடுகாடு. 500-க்கும் மேற்பட்ட வெள்ளைக் கற்கள். எல்லாம் ஒரே அளவு. ஆபீசர், சிப்பாய் என்ற பேதம் கிடையாது.

ஆனால் ஒரு கல்லில் மட்டும் விக்டோரியா கிராஸ் பதக்கத்தின் உருவம். அதுவும் ஒன்று அல்ல, இரண்டு!

நம் நாட்டு பரம்வீர் சக்கரம் மாதிரி, பிரிட்டிஷ் ராணுவத்தின் உச்ச விருது அது. இரண்டு தடவை வாங்கியவர்கள் மொத்தமே 3 பேர். அந்த மூவரில் இருவர் டாக்டர்கள்!

இங்கே தூங்குகிறவர் கேப்டன் நோயல் ஷவாஸ். 1884-ல் ஆக்ஸ்போர்டில் பிறந்த இரட்டையர்களில் ஒருவர். அப்பா லிவர்பூல் பிஷப். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் இரட்டையர் இருவருமே 400 மீட்டர் பந்தயம் ஓடினார்கள். மெடல் கிடைக்கவில்லை.

டாக்டர் படிப்பை முடித்த நோயல், 1914 நவம்பரில் லிவர்பூல் ஸ்காட்டிஷ் பட்டாளத்தோடு பிரான்சுக்குக் கப்பல் ஏறினார்.

பட்டாளத்து டாக்டருக்கு இடம் கொஞ்சம் பின்னால்தான். அடிபட்டவனைத் தூக்கி வந்தால் கட்டுப் போட்டு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். ஷவாசுக்கு அப்படி உட்கார்ந்திருக்க முடியவில்லை. தூக்க ஆள் இல்லாமல் கிடப்பவனை யார் பார்ப்பது? இவரே தேடிப் போய்விடுவார். 1915-ல் காட்டிய துணிச்சலுக்கே மிலிட்டரி கிராஸ் வாங்கிவிட்டார்.

1916 ஆகஸ்ட் 9. பிரான்சில் கில்லெமான் என்ற இடத்தில் கடும் சண்டை. பகல் முழுக்க குண்டு மழையில் வைத்தியம். ராத்திரி எதிரி வரிசைக்கு முன்னால் 4 மணி நேரம் தேடல். மறுநாள் ஒருவனைத் தூக்கிக்கொண்டு 500 கஜம் வந்தார். விலாவில் குண்டுச் சில்லு பாய்ந்தது. ஓய்ந்தாரா? அன்று ராத்திரியே 20 பேரைக் கூட்டிக்கொண்டு மறுபடி கிளம்பினார்! எதிரியின் பதுங்கு குழிக்கு 25 கஜத்தில் கிடந்த 3 பேரை மீட்டார். செத்தவர்களின் அடையாள வில்லைகளையும் பொறுக்கி வந்தார். யார் செத்தான் என்று ஊரில் தெரிய வேண்டுமே!

சுமார் 20 பேர் உயிர் பிழைத்தார்கள். முதல் விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

1917 ஜூலை 31. ஈப்பர் அருகே பெரிய தாக்குதல். கொட்டும் மழை, முழங்கால் சேறு. ஆரம்பத்திலேயே ஷவாசுக்குத் தலையில் பலத்த அடி. பின்னால் போகச் சொல்லியும் கேட்கவில்லை. இரண்டு நாள் சரியான சாப்பாடு இல்லை. மயக்கம் வந்தது. அப்படியும் வெளியே போய் ஆட்களைத் தூக்கி வந்தார்.

ஆகஸ்ட் 2 அதிகாலையில் அவர் இருந்த குழிக்குள்ளேயே குண்டு விழுந்தது. வயிற்றில் காயம். 46-வது பீல்டு ஆம்புலன்ஸ் அவரைத் தூக்கி வந்தது. அதன் தலைவர் யார் தெரியுமா? மூவரில் இன்னொரு டாக்டரான ஆர்தர் மார்ட்டின் லீக்! நம் வங்காள-நாக்பூர் ரயில்வேயில் பல வருஷம் டாக்டராக இருந்தவர்.

ஆபரேஷன் நடந்தது. பிழைக்கவில்லை. ஆகஸ்ட் 4-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 32. உறவுக்காரப் பெண் ஒருத்தியோடு கல்யாணம் நிச்சயமாகி இருந்தது.

இரண்டாவது விருது செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. உலகப்போர் ஒன்றிலேயே அதை 2 தடவை பெற்றவர் இவர் ஒருவர்தான். 2009-ல் அந்த மெடல்கள் சுமார் 15 லட்சம் பவுனுக்குக் கைமாறியதாகச் செய்தி வந்தது.

பிஷப்புக்கு அந்த வருஷம் இன்னொரு அடியும் விழுந்திருந்தது. சரியாக ஒரு மாதம் முன்பு, ஜூலை 4-ல், இளைய மகன் எய்டனும் அதே ஈப்பர் பக்கத்தில் காணாமல் போனான். தேடியும் உடல் கிடைக்கவில்லை. அவனுக்குக் கல்லறை இல்லை. சில மைல் தள்ளி, ஈப்பரின் மெனின் வாசல் சுவரில் பேர் மட்டும் இருக்கிறது.