கணிதம் கற்ற மருத்துவர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி., வேதியியல்)

மருத்துவராக வேண்டும் என்பது நம் பகுதி மாணவ மாணவியர் பலரின் கனவு. 2022-இல் கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பின் அக்கனவு இன்னும் அருகில் வந்து நிற்கிறது. ஆனால் இடங்களோ சில, விரும்புவோரோ பலர். இடம் கிடைக்காதோர் ஏதோ ஒரு பட்டப்படிப்பில் பெயரைப் பதிந்துவிட்டு அடுத்த நுழைவுத் தேர்வுக்குக் காத்திருக்கின்றனர். அந்தப் படிப்பு எதுவாக இருக்க வேண்டும்? ஓசூர் ஆலைகளில் ஷிப்டு பார்க்கும் தந்தையிடமோ, ராகியும் தக்காளியும் விளைவிக்கும் தாயிடமோ இதைக் கேட்டுத் தெளிய வழியில்லை. நம் குடும்பங்களில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவர்கள் நாம்தாமே! ஆகவே, இக்கேள்விக்கு வாழ்ந்தே விடை தந்த ஒருவரின் வரலாற்றைக் காண்போம்.

உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1873-இல் பிறந்தார். தந்தை ரயில்வே மருத்துவர். மகனும் மருத்துவராக எண்ணியிருந்தால் வழிகாட்ட வீட்டிலேயே ஆள் இருந்தது. ஆயினும் ஹூக்ளி கல்லூரியில் அவர் எடுத்துப் படித்தவை கணிதமும் வேதியியலும். 1893-இல் சிறப்புத் தகுதியுடன் பி.ஏ. பட்டம் பெற்றார். மருத்துவத்தின் பக்கம் திரும்பிய போதும் வேதியியலைக் கைவிடவில்லை. பிரபுல்ல சந்திர ராய் ஆசிரியராக இருந்த கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் 1894-இல் வேதியியலில் முதுகலைப் பட்டமும் பெற்றார். பின்னர் 1900-இல் எம்.பி. தேர்வில் மருத்துவத்திலும் அறுவை மருத்துவத்திலும் முதலிடம், 1902-இல் எம்.டி.; 1904-இல் முனைவர் பட்டம்.

அந்நாளில் வங்கத்தையும் அஸ்ஸாமையும் காலா அசார் என்னும் கருங்காய்ச்சல் சூறையாடிக் கொண்டிருந்தது. மணல் ஈயின் கடியால் பரவும் இந்நோய் வந்தால் மண்ணீரல் வீங்கும், உடல் மெலியும், மருத்துவம் இல்லையேல் பெரும்பாலும் மரணமே முடிவு. ஆண்டிமனி என்ற தனிமத்தின் உப்பு ஒன்றை மருந்தாகச் செலுத்தி வந்தனர். அது நோயைத் தாக்கியது, நோயாளியையும் வதைத்தது.

கல்கத்தா கேம்பெல் மருத்துவப் பள்ளியில் ஆசிரியராக இருந்த பிரம்மச்சாரி, இதற்கு மாற்றுக் காண முனைந்தார். அவருக்குக் கிடைத்த ஆய்வுக்கூடம் ஒரு சிற்றறை. அங்கே மின்விளக்கு இல்லை, எரிவாயு இல்லை, தண்ணீர்க் குழாயும் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் இரவெல்லாம் உழைத்தார். ஆண்டிமனிச் சேர்மங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஆக்கிப் பார்த்தார். முடிவில் யூரியாவைத் துணைகொண்டு ‘யூரியா ஸ்டிபமைன்’ என்னும் மருந்தை 1920-களின் தொடக்கத்தில் உருவாக்கினார். நம் வயலுக்கு உரமாக இடும் அதே யூரியாதான்! மாதக்கணக்கில் நீண்ட சிகிச்சை சில வாரங்களில் முடிந்தது. எண்ணற்ற உயிர்கள் பிழைத்தன.

1929-இல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை. 1936-இல் இந்திய அறிவியல் மாநாட்டுத் தலைவரானார். 1946-இல் மறைந்தார். இன்று அம்மருந்தினும் சிறந்தவை வந்துவிட்டன. எனினும் வழி திறந்தவர் அவரே.

நண்பர்களே, நோயாளியின் நாடி பிடிக்கத் தெரிந்தவர்கள் அன்று கல்கத்தாவில் பலர் இருந்தனர். மூலக்கூற்றைப் பிரித்துக் கோக்கவும் தெரிந்தவராகப் பிரம்மச்சாரி விளங்கினார். மருத்துவக் கல்லூரிக்கு முன் அவர் கற்றது வீண்போகவில்லை. அதுவே அவர் கையில் மருந்தாயிற்று. அமெரிக்காவில் இன்றும் ஒரு பட்டம் பெற்ற பின்பே மருத்துவம் பயில்கின்றனர். வேண்டிய அறிவியல் பாடங்களை முடித்திருந்தால், முதற்பட்டம் கணிதமாயினும் இலக்கியமாயினும் தடையில்லை.

நம் நாட்டில் முறை வேறு. நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணே வாயிலைத் திறக்கும். ஆயினும் பட்டப்படிப்பைப் பேருந்து நிலையத் திண்ணையாகக் கருதி உட்கார்ந்திருத்தல் தகாது. மருத்துவ இடம் கிடைக்காமலே போனாலும், எந்தப் பாடத்தை மனம் நிறைந்து படிப்போமோ அதையே தேர்ந்தெடுப்போம். இடம் கிடைத்தால் அது நம்முடன் வந்து துணை நிற்கும். கிடைக்காவிடில் அதுவே நமக்குச் சோறு போடும். தாவரவியலோ, விலங்கியலோ, வேதியியலோ, எடுத்ததை ஆழக் கற்போம்!