பெர்த்தொலேயின் வாழ்வும் மீள்வினைக் கருத்தின் தோற்றமும்

முன்னுரை

மேல்நிலைப் பள்ளி வேதியியலில் மீள்வினை, எதிரெதிர்த் திசை நோக்கும் இரண்டு அம்புக்குறிகளால் காட்டப்படுகிறது. முன்னோக்கு வினையின் வேகமும் பின்னோக்கு வினையின் வேகமும் ஒத்திருக்கும் நிலை வேதிச்சமநிலை என வரையறுக்கப்படுகிறது. இவ்வரையறைக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சு வேதியியலார் கிளாட் லூயி பெர்த்தொலே (1748–1822). சரியான கருத்தொன்று, தோல்வியுற்ற வாதத்தோடு சேர்ந்து நெடுங்காலம் மறைந்திருந்தமையை அவர்தம் வாழ்வின்வழி எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் தொழிலும்

பெர்த்தொலே, 1748 டிசம்பர் 9 அன்று சவாய் நாட்டில் அன்னெசி நகரையடுத்த தல்லுவார் என்னும் ஊரில் பிறந்தார். தூரின் நகரில் மருத்துவம் பயின்று, 1772-இல் பாரிசில் குடியேறினார். ஆர்லியன் கோமகன் குடும்பத்தின் ஆதரவு அவரை வேதியியல் ஆய்வின்பால் செலுத்தியது. 1780-இல் பாரிசு அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார். 1784-இல் அரசின் சாயத் தொழில் மேற்பார்வையை ஏற்றார். குளோரினைக் கொண்டு துணி வெளுக்கும் முறையைக் கண்டறிந்தபோது, அதனைத் தமக்கு மட்டும் உரிமையாக்கிக் கொள்ளாமல் யாவரும் பயன்கொள்ள வெளியிட்டார்.

பெயரிடுமுறைப் பணி

1787-இல் லவாய்சியே, கீத்தோன் தெ மோர்வோ, ஃபூர்குருவா ஆகியோருடன் இணைந்து வேதிப்பொருள்களுக்கான பெயரிடுமுறை நூலை வெளியிட்டார். பொருளின் பெயர் அதன் இயைபைச் சுட்ட வேண்டும் என்பது அந்நூலின் அடிப்படை. சல்பேட்டு, கார்பனேட்டு எனத் தமிழில் இன்று வழங்குவனவும் அப்பெயர்மரபின் வழிவந்தவையே. நண்பர் லவாய்சியே 1794-இல் கொலைக்கருவிக்குப் பலியான பின்னரும் பெர்த்தொலே ஆய்வைத் தொடர்ந்தார்.

எகிப்து ஏரியும் புதிய கருத்தும்

1798-இல் நெப்போலியன் எகிப்தின்மீது படையெடுத்தபோது உடன்சென்ற அறிஞருள் பெர்த்தொலேயும் ஒருவர். அங்குள்ள நேட்ரான் ஏரிகளின் கரையில் சோடியம் கார்பனேட்டு படிந்திருந்தது. ஆய்வகத்தில் சோடியம் கார்பனேட்டும் கால்சியம் குளோரைடும் வினைபுரிந்தால் கால்சியம் கார்பனேட்டும் உப்பும் கிடைக்கும். ஏரியிலோ அவ்வினை தலைகீழாக நிகழ்ந்திருப்பதாக அவர் உணர்ந்தார். உப்பும் சுண்ணாம்புக்கல்லும் மிகுந்திருந்தமையும், விளைபொருள்கள் அவ்விடத்தினின்று நீங்கிச் சென்றமையுமே இதற்குக் காரணம் என விளக்கினார்.

பொருள்களுக்கிடையிலான வேதி நாட்டம் மாறாத வரிசையுடையது என்பது சுவீடன் அறிஞர் பெரிமன் முதலியோர் நிலைநாட்டியிருந்த கொள்கை. நாட்டம் மட்டுமன்றி, வினைப்படு பொருளின் அளவும் வினையின் திசையை முடிவு செய்யும் என்பது பெர்த்தொலே கண்ட உண்மை. இதனை 1799-இல் கெய்ரோவில் அமைந்த எகிப்துக் கழகத்தில் முன்வைத்தார். 1803-இல் வெளிவந்த வேதி நிலையியல் நூலில் விரித்துரைத்தார்.

வாதமும் தோல்வியும்

பெர்த்தொலே ஓரடி மிகுதியாகச் சென்றார். பொருள்களின் அளவு வினையின் திசையை மாற்றுமெனின், விளையும் சேர்மத்தின் இயைபையும் மாற்றும் எனக் கருதினார். ஒரு சேர்மத்தின் தனிமங்கள் எப்போதும் ஒரே நிறை விகிதத்தில் அமையும் எனப் புரூசுத்து மறுத்தார். பண்பு குன்றாது சில ஆண்டுகள் நீடித்த இவ்வாதத்தில் மாறா விகித விதியே வென்றது. பெர்த்தொலே காட்டிய சான்றுகளுட் பல, சேர்மங்களல்ல, கலவைகளே என்பது புலனாயிற்று. டால்டனின் அணுக்கொள்கையும் புரூசுத்தின் விதிக்கு வலுச்சேர்த்தது. இயைபு பற்றிய பிழையோடு, அளவு பற்றிய உண்மையும் புறக்கணிக்கப்பட்டது.

இறுதிக்காலத்தில் பாரிசையடுத்த ஆர்க்கேயில் வாழ்ந்த அவர், லாப்லாசுடன் இணைந்து அறிஞர் குழுவொன்றைப் பேணினார். கே லுசாக் அவரிடம் பயின்றவர். 1822 நவம்பர் 6 அன்று ஆர்க்கேயில் மறைந்தார்.

நிறைவுரை

1864-இல் நார்வே அறிஞர்களான குல்பர்க்கும் வாகேயும் நிறைதாக்க விதியை வகுத்தபோது, பெர்த்தொலேயின் கருத்து கணித வடிவம் பெற்றது. 1803-ஆம் ஆண்டு நூலுக்கும் இதற்கும் இடைவெளி 61 ஆண்டுகள். மாறும் இயைபுடைய சில திண்மங்கள் உண்மையில் உள்ளன என்பது 20-ஆம் நூற்றாண்டில் தெளிந்தபோது, அவற்றிற்குப் பெர்த்தொலைடுகள் என்றே பெயரிடப்பட்டது. ஒருவரது கொள்கையின் ஒரு கூறு பிழைபட்டதெனின், பிற கூறுகளையும் தனித்தனியே ஆராய்ந்த பின்னரே தள்ளவோ கொள்ளவோ வேண்டும் என்பதை இவ்வாழ்வு உணர்த்துகிறது. தமிழில் அறிவியலாளர் வரலாறு எழுதுவோர், வெற்றிகளோடு இத்தகைய தோல்விகளையும் பதிவுசெய்தல் இன்றியமையாதது. அவ்வாறு எழுதப்படும்போதே மீள்வினை என்னும் கலைச்சொல் தன் முழுப்பொருளோடு மாணவரைச் சென்றடையும்.