பிரீடல் டிக்கர்-பிராண்டைஸ்

பிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் (ஜூலை 30, 1898 - அக்டோபர் 9, 1944) ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஓவியரும் வடிவமைப்பாளரும் ஓவிய ஆசிரியரும் ஆவார். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பயின்ற இவர் ஓவியம், அச்சுக்கலை, நெசவு, அறைகலன் வடிவமைப்பு எனப் பல துறைகளில் பணியாற்றினார். இரண்டாம் உலகப் போரின்போது நாசிகள் டெரெசின் நகரில் அமைத்திருந்த யூதர் தடுப்பு முகாமில், கைதியாக இருந்துகொண்டே நூற்றுக்கணக்கான சிறுவர் சிறுமியருக்கு ஓவியம் கற்பித்தமைக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார். அவ்வகுப்புகளில் உருவான ஏறத்தாழ 4,500 ஓவியங்கள் பிராக் நகரின் யூத அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

இளமையும் கல்வியும்

பிரீடரிக்கே டிக்கர் என்னும் இயற்பெயர் கொண்ட இவர் வியன்னாவில் எளிய யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவருக்கு நான்கு வயதானபோது தாயார் இறந்தார். எழுதுபொருள் கடையில் பணிபுரிந்த தந்தையாரே இவரை வளர்த்தார்.

1912 முதல் 1914 வரை ஒளிப்படக்கலையையும் படங்களை அச்சில் பெருக்கும் முறைகளையும் கற்றார். பின்னர் வியன்னா கைவினைக் கலைப்பள்ளியில் நெசவுத்துறையில் சேர்ந்தார். 1897 இல் சிறுவர்களுக்கென ஓவிய வகுப்பைத் தொடங்கிய பிரான்ஸ் சிசெக் என்பாரின் வகுப்புகளிலும் அங்கு பயின்றார். 1916 இல் சுவிட்சர்லாந்து ஓவியர் யோகன்னஸ் இட்டன் நடத்திய தனிப்பள்ளியில் மாணவியானார். இசையமைப்பாளர் ஆர்னால்ட் சோன்பேர்க்கின் வகுப்புகளுக்கும் சென்றார்.

பௌஹவுஸ் காலம்

1919 இல் வால்ட்டர் குரோப்பியஸ் வைமார் நகரில் பௌஹவுஸ் பள்ளியைத் தொடங்கி இட்டனை ஆசிரியராக அழைத்தார். இட்டனுடன் சென்ற வியன்னா மாணவர்களுள் டிக்கரும் ஒருவர். 1923 வரை அங்கிருந்த இவர் நெசவு, நூற்கட்டு, அச்செழுத்து வடிவமைப்பு, கல்லச்சு ஆகியவற்றைக் கற்றார். ஓவியர் பவுல் கிளேயிடமும் பயின்றார். கல்லச்சு முறையில் வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்புள்ள கரிக்கோலால் படம் வரையப்படும். பின்னர் கல்லை நீரால் நனைத்து மை பூசினால், நீரை விலக்கும் கொழுப்புக் கோடுகளில் மட்டுமே மை பற்றும். அதன்மேல் தாளை வைத்து அழுத்திப் படி எடுக்கப்படும். பௌஹவுஸ் நிகழ்ச்சிகளுக்கான அழைப்பிதழ்களை டிக்கர் இம்முறையில் உருவாக்கியுள்ளார். 1921 இல் வெளிவந்த உட்டோப்பியா என்னும் நூலின் அச்செழுத்து அமைப்பிலும் இவருடைய பங்கு உண்டு.

இட்டனின் பயிற்சி முறை இவருடைய பிற்காலக் கற்பித்தலுக்கு அடித்தளமானது. மாணவர்கள் முதலில் மூச்சுப் பயிற்சியும் உடலசைவுப் பயிற்சியும் செய்வர். பிறகு தாளத்துக்கேற்பக் கோடுகளை வரைவர். ஒளி-இருள், சொரசொரப்பு-வழவழப்பு, பெரிது-சிறிது போன்ற முரண்களை வெவ்வேறு பொருள்களைக் கொண்டு ஆராய்வர். பழம்பெரும் ஓவியங்களைப் பகுத்து அவற்றின் கட்டமைப்பை மட்டும் வரைந்து பார்ப்பர். டிக்கர் மாணவியாக இருந்தபோதே புதிய மாணவர்களுக்குக் கற்பிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டதைக் குரோப்பியஸ் பின்னாளில் அளித்த சான்றிதழில் குறிப்பிட்டுள்ளார்.

வியன்னாவும் பிராக்கும்

1923 இல் டிக்கர் தம் உடன்பயின்ற பிரான்ஸ் சிங்கருடன் இணைந்து பெர்லினில் கலைப் பட்டறை ஒன்றை நிறுவினார். 1920களின் நடுவில் வியன்னா திரும்பிய பின் இருவரும் கட்டட, அறைகலன் வடிவமைப்பு நிறுவனம் ஒன்றை நடத்தினர். மடக்கவும் அடுக்கவும் கூடிய நாற்காலிகளும் கட்டில்களும் அவர்களுடைய சிறப்பு. வியன்னாவின் கோதேஹோஃப் குடியிருப்பில் அவர்கள் அமைத்த மாண்டிசோரி மழலையர் பள்ளி குறிப்பிடத்தக்கது. 1931 முதல் வியன்னாவில் மழலையர் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓவியக் கல்வி குறித்துப் பயிற்சி அளித்தார்.

பொதுவுடைமை இயக்கத்தில் ஈடுபட்டிருந்த டிக்கர் 1934 இல் கைது செய்யப்பட்டார். அப்பட்டறிவை விசாரணை என்னும் தலைப்பிலான ஓவியங்களில் பதிவு செய்தார். விடுதலைக்குப் பின் பிராக் நகருக்குக் குடிபெயர்ந்து, ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் தப்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்தார். இவருடைய மாணவி ஈடித் கிராமர் (1916-2014) இப்பணியில் உதவினார். 1936 இல் உறவினரான பாவெல் பிராண்டைஸை மணந்தார். 1938 இல் இருவரும் வடகிழக்குப் பொகீமியாவிலுள்ள ஹிரோனொவ் என்னும் சிற்றூருக்குச் சென்று நெசவாலையில் பணியாற்றினர். பாலஸ்தீனத்துக்குச் செல்ல இவருக்கு அனுமதி கிடைத்தும், கணவருக்குக் கிடைக்காததால் செல்லவில்லை.

டெரெசின் முகாம்

டெரெசின் பிராக்கிற்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவிலுள்ள, 18 ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கோட்டை நகரம் ஆகும். 1941 நவம்பரில் நாசிகள் இதனை யூதர்களை அடைத்துவைக்கும் முகாமாக்கினர். ஏறத்தாழ 1,40,000 பேர் இங்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் சுமார் 33,000 பேர் பசியாலும் நோயாலும் அங்கேயே இறந்தனர். சுமார் 88,000 பேர் கிழக்கிலிருந்த கொலை முகாம்களுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர்.

டிக்கர்-பிராண்டைஸும் கணவரும் 1942 டிசம்பர் 17 அன்று இங்கு அனுப்பப்பட்டனர். ஒருவர் 50 கிலோ எடையுள்ள உடைமைகளை மட்டுமே கொண்டுவரலாம். அந்த எடையில் பெரும்பகுதியை இவர் தாள், வண்ணம் முதலான ஓவியப் பொருள்களுக்கு ஒதுக்கினார். எல் 410 என்று குறிக்கப்பட்ட சிறுமியர் இல்லத்தில் முதன்மையாகப் பணியாற்றினார். முகாமில் முறையான பள்ளிக்கல்வி தடை செய்யப்பட்டிருந்தது. எனினும் ஓவியம், பாட்டு, கைவேலை ஆகியவற்றுக்கு இடமிருந்தது.

கற்பித்தல் முறை

வகுப்புகள் பெரும்பாலும் மூச்சுப் பயிற்சியுடனும் தாளப் பயிற்சியுடனும் தொடங்கின. ஆசிரியர் தட்டும் அல்லது சொல்லும் தாளத்துக்கேற்பச் சிறுமியர் வளைகோடுகளையும் சுருள்களையும் வரைந்தனர். இப்பயிற்சி விரல்களின் இறுக்கத்தைத் தளர்த்துவதுடன், நெருக்கடி மிகுந்த அறையில் சிதறிய மனத்தையும் ஒருமுகப்படுத்தியது. அடுத்து, ஆசிரியர் சொல்லும் கதையில் வரும் பொருள்களை விரைந்து வரையும் பயிற்சியும் நடைபெற்றது. கண்முன் உள்ள பூச்சாடியையோ சாளரக் காட்சியையோ உற்றுநோக்கி வரைவது இன்னொரு பாடம்.

வண்ணம் அரிதாக இருந்ததால் ஒட்டுப்படம் (கொலாஜ்) முக்கிய இடம் பெற்றது. பயன்படுத்திய அலுவலகப் படிவங்களையும் பொதிதாள்களையும் கிழித்தும் வெட்டியும் ஒட்டினர். அச்சிட்ட அட்டவணைக் கோடுகள் இன்றும் தெரியும் படங்கள் பல உள்ளன. தாளின் சொந்த நிறமே வண்ணமாகவும் கிழிந்த விளிம்பே கோடாகவும் பயன்பட்டன. புகழ்பெற்ற ஓவியங்களின் படநகல்களைக் கொண்டு, உருவங்களின் நுட்பங்களை விட்டுவிட்டு அமைப்பையும் ஒளி-இருள் பகுதிகளையும் மட்டும் ஒட்டுப்படமாக்கும் பயிற்சி இட்டனின் முறையிலிருந்து வந்ததாகும்.

1943 இல் முகாமின் ஆசிரியர்களுக்குச் சிறுவர் ஓவியம் குறித்து இவர் உரையாற்றினார். அவ்வாண்டில் சிறுவர் ஓவியங்களின் கண்காட்சியும் நடைபெற்றது. சிறுவர் அனைவரையும் ஓவியராக்குவது வகுப்பின் நோக்கமன்று என்பது இவருடைய கருத்து. அவர்களுடைய படைப்பாற்றலையும் தன்னுரிமை உணர்வையும் கூர்நோக்கையும் காப்பதே நோக்கம் எனக் கருதினார். பெரியவர்கள் தம் அழகுணர்ச்சியைப் பிள்ளைகள்மேல் திணிப்பதை எதிர்த்தார்.

மாணவர்கள் ஒவ்வொரு படத்திலும் தம் பெயரை எழுதவேண்டும் என்று இவர் வலியுறுத்தினார். மனிதர்கள் பட்டியல் எண்களாக்கப்பட்ட முகாமில் இவ்வழக்கம் தனிச்சிறப்புடையது. அறை எண்ணும் பல படங்களில் குறிக்கப்பட்டுள்ளது. இவரோ தம் ஓவியங்கள் பலவற்றில் கையொப்பமிடவில்லை.

இறப்பு

1944 செப்டம்பர் 28 அன்று பாவெல் பிராண்டைஸ் டெரெசினிலிருந்து அனுப்பப்பட்டார். அவரைப் பின்தொடர விரும்பி, டிக்கர்-பிராண்டைஸ் தாமாகவே முன்வந்து அடுத்து வந்த தொடர்வண்டி ஒன்றில் பெயர் கொடுத்தார். அக்டோபர் 6 அன்று புறப்பட்ட அவ்வண்டியில் இவருடைய மாணவியர் சிலரும் இருந்தனர். அக்டோபர் 9 அன்று அவுஷ்விட்ஸ்-பிர்க்கெனாவ் முகாமில் இவர் கொல்லப்பட்டார். அப்போது இவருக்கு வயது 46. கணவர் போரில் உயிர் தப்பினார்.

ஓவியங்களின் மீட்பு

புறப்படுமுன் மாணவர்களின் ஓவியங்களை இவர் இரண்டு பெட்டிகளில் வைத்துச் சிறுமியர் இல்லப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்தார். 1945 மே மாதத்தில் முகாம் விடுவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில், இல்லத்தின் கடைசித் தலைவராக இருந்த வில்லி குரோக் அப்பெட்டிகளைப் பிராக் யூத சமூகத்தினரிடம் சேர்த்தார்.

படங்களிலிருந்த பெயர்களைக் கொண்டு வரைந்தவர்களை அடையாளம் காண முடிந்தது. ஏறத்தாழ 660 பேருள் 550 பேர் கொல்லப்பட்டவர்கள் எனத் தெரியவந்தது. அவர்களுள் பலருக்கு அந்த ஓவியங்களே எஞ்சியுள்ள ஒரே நினைவுப்பொருள் ஆகும். இத்தொகுப்பின் ஒரு பகுதி பிராக்கிலுள்ள பிங்காஸ் தொழுகைக்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

தாக்கம்

1938 இல் அமெரிக்காவுக்குச் சென்ற ஈடித் கிராமர், உளநலச் சிக்கலுள்ள சிறுவர்களுக்கு ஓவியத்தின்வழி உதவும் கலைச் சிகிச்சைத் துறையின் முன்னோடிகளுள் ஒருவரானார். தம் அணுகுமுறைக்கு வித்திட்டவராக டிக்கர்-பிராண்டைஸை அவர் குறிப்பிட்டுள்ளார். டெரெசினில் இவரிடம் பயின்று உயிர் தப்பிய எலா வைஸ்பெர்கர் முதலானோர் இவரைப் பற்றிய நினைவுகளைப் பிற்காலத்தில் பதிவு செய்தனர். 2004 இல் நியூயார்க் யூத அருங்காட்சியகத்திலும் 2022 இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரிலும் இவருடைய படைப்புகளின் கண்காட்சிகள் நடைபெற்றன.