பொம்மைச் சிப்பாய்கள் கட்டிய நாடு

கற்பனையாக ஒரு நாட்டை உருவாக்கி, அதற்கு மேப் வரைந்து, ஆளுக்கொரு வீரனாக மாறி விளையாடுவது என்றால் உங்களுக்குக் கொள்ளை ஆசைதானே குட்டீஸ்? கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் நான்கு குழந்தைகள் அப்படி விளையாடினார்கள். அவர்களில் மூத்தவர், பின்னாளில் உலகப்புகழ் பெற்ற நாவலாசிரியை சார்லட் பிராண்டி.

1816 ஏப்ரல் 21ம் தேதி இங்கிலாந்தின் தார்ன்டன் கிராமத்தில் பிறந்தார் சார்லட். அப்பா பாதிரியார். ஹாவர்த் என்ற ஊரில் இருந்த அவர்களது வீட்டை ஒட்டியே கல்லறைத் தோட்டம். சார்லட்டுக்கு 5 வயதானபோது அம்மா இறந்துபோனார். 1825ல் விடுதிப் பள்ளியில் படித்த அக்காக்கள் மரியாவும் எலிசபெத்தும் காசநோயால் அடுத்தடுத்து இறந்தனர். 9 வயது சார்லட்தான் இனி வீட்டில் மூத்தவர்.

1826 ஜூன் மாதம். லீட்ஸ் நகருக்குப் போன அப்பா, மகன் பிரான்வெல்லுக்காக 12 மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். மறுநாள் காலை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். உயரமான, அழகான பொம்மையைப் பாய்ந்து எடுத்த சார்லட், அதற்கு வெலிங்டன் என்று பெயர் வைத்தார். வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர் வெலிங்டன். நம் திப்பு சுல்தானுக்கு எதிரான 1799ம் ஆண்டுப் போரிலும் இருந்தவர். பிரான்வெல் விடுவானா? தன் பொம்மைக்கு நெப்போலியன் என்றே பெயர் சூட்டினான்! தங்கைகள் எமிலியும் ஆனும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டனர்.

சிப்பாய்கள் கப்பலேறினார்கள். புயலில் சிக்கி, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்த அசாந்தி மக்களுடன் போரிட்டு, 'கண்ணாடி நகரம்' என்ற தலைநகரைக் கட்டினார்கள். பிரான்வெல் அதற்கு மேப் வரைந்தான். அசாந்தி நிஜமாகவே இருந்த பேரரசு. இந்தக் குழந்தைகளோ ஆப்பிரிக்காவைப் பார்த்ததே இல்லை. புத்தகத்திலும் பத்திரிகையிலும் படித்ததுதான். அதனால் அந்த மண்ணின் மக்களையே எதிரிகளாக்கிவிட்டார்கள்.

அந்த நாட்டில் எப்போதும் ஆபத்துதான். போர், சதி, கொலை! ஆனால் நால்வரும் அங்கே பூதங்களாகவும் இருந்தார்கள். அலாவுதீன் விளக்கில் வருமே, அந்த மாதிரி. செத்த வீரனைப் பூதங்கள் மறுபடி உயிரோடு எழுப்பிவிடும். அம்மாவையும் அக்காக்களையும் பறிகொடுத்த குழந்தைகள் போட்ட விதி அது.

சிப்பாய்கள் படிக்கப் புத்தகம் வேண்டாமா? தீப்பெட்டி அளவில், அச்சடித்தது போன்ற பொடி எழுத்தில் எழுதி, நூலால் தைத்தார்கள்.

1834ல் சார்லட்டும் பிரான்வெல்லும் அங்ரியா என்ற புதுநாட்டை உருவாக்கினார்கள். எமிலியும் ஆனும் பிரிந்துபோய் கோண்டல் என்ற தீவைப் படைத்தார்கள். 19 வயதில் டீச்சரான பிறகும் சார்லட்டை அங்ரியா விடவில்லை. பாடம் நடத்தும் நேரத்திலும் அந்த நாடு கண்முன் வந்து நிற்கும். மாணவிகள் குறுக்கிட்டால் எரிச்சல் வரும். கடைசியில் 23 வயதுவாக்கில், மனமில்லாமல்தான், அங்ரியாவுக்கு விடை கொடுத்தார்.

1847ல் கரர் பெல் என்ற புனைபெயரில் அவர் எழுதிய 'ஜேன் அயர்' நாவல் வெளியானது. கதாநாயகி ஜேனுக்கு விடுதிப் பள்ளியில் ஹெலன் என்றொரு தோழி. அக்கா மரியாவை நினைத்துப் படைத்த பாத்திரம். ஹெலன் நோயில் இறந்துவிடுகிறாள். அந்தக் கதையில் பூதம் யாரும் வரவில்லை.

நாவலுக்கு ஏகப்பட்ட வரவேற்பு. ஆனால் 1848லும் 1849லுமாக பிரான்வெல், எமிலி, ஆன் மூவரும் இறந்தனர். தனியாக நின்ற சார்லட் தொடர்ந்து எழுதினார். 1854ல் திருமணம் செய்துகொண்டார். 1855 மார்ச் 31ம் தேதி, 38 வயதில் காலமானார்.

14 வயதில் சார்லட் செய்த குட்டிப் பத்திரிகை ஒன்று 2019ல் பாரீசில் ஏலத்துக்கு வந்தது. 6 லட்சம் யூரோ கொடுத்து வாங்கி, அவர் விளையாடிய அதே ஹாவர்த் வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். அந்த வீடு இப்போது மியூசியம்.