வலியின் அருமையை உணர்த்திய மருத்துவர்

தொழுநோய் கண்டவரின் கால்விரல்கள் அழுகி உதிர்ந்துவிடும் என்று உலகம் நெடுங்காலம் நம்பியது. மருத்துவர்களும் இதற்கு விதிவிலக்கல்லர். நோயாளியின் சதையே கெட்டது, அதில் அறுவை செய்தால் காயம் ஆறாது என்றே பலரும் எண்ணினர். அந்த எண்ணத்தை மாற்றியவர்களில் முதன்மையானவர் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயரான பால் பிராண்ட்.

1914-இல் மிஷனரி தம்பதியின் மகனாகப் பிறந்த அவர், ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-இல் தந்தை மலைக்காட்டுக் காய்ச்சலுக்குப் பலியானார். தச்சும் கட்டட வேலையும் கற்ற பின்னரே பிராண்ட் மருத்துவம் பயின்றார். எந்தப் பொருள் எவ்வளவு சுமை தாங்கும் என்ற தச்சரின் பார்வை பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் உதவியது.

1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவரை, செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையின் நோயாளிகள் சிந்திக்க வைத்தனர். மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி இயக்கம் தந்தார். அறுவைக் காயங்கள் மற்றவர்களுக்கு ஆறுவதுபோலவே ஆறின. அப்படியானால் பாதங்கள் ஏன் சிதைகின்றன?

கிருமி நரம்புகளைத் தாக்கும்போது பாதம் உணர்விழக்கிறது. நமக்குக் காலில் சிறு கொப்புளம் வந்தாலும் நொண்டி நடப்போம். வலி அந்த இடத்தைக் காக்கிறது. உணர்விழந்தவரோ முள் தைத்தாலும் இயல்பாகவே நடப்பார். ஒரே இடத்தில் அழுத்தம் திரும்பத் திரும்ப விழ, உள்ளே சதை நைந்து புண்ணாகிறது. புண்ணின் சீழ் எலும்பை எட்டுகிறது. எலும்பு அரிக்கப்பட்டுத் தேய்ந்து குறுகுகிறது. கணுக்காலை ஒட்டிய எலும்புகள் நொறுங்கி, பாதத்தின் வளைவே சரிகிறது. விரல்கள் உதிர்வதில்லை, எலும்பு கரைவதால் சுருங்கிப்போகின்றன.

காரணம் தெரிந்ததும் தீர்வும் எளிதாயிற்று. புண்பட்ட காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைப் பரவலாக்கினால் புண் ஆறியது. நுண்துளை ரப்பர் பதித்த செருப்பு, மீண்டும் புண் வராமல் காத்தது. நாள்தோறும் பாதத்தைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க நோயாளிகள் பழக்கப்படுத்தப்பட்டனர். 1960-இல் லாஸ்கர் விருது பெற்ற பிராண்ட், 1966-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கு நீரிழிவு நோயாளிகளின் உணர்விழந்த பாதங்களுக்கும் இதே வழிமுறை பொருந்துவதைக் காட்டினார். 2003-இல் மறைந்தார்.

இன்று கூட்டு மருந்து சிகிச்சை கிருமியை அழித்துவிடுகிறது. ஆனால், மரத்துப்போன நரம்பு எல்லோருக்கும் மீள்வதில்லை. உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியாவில்தான் இருக்கின்றனர். மாத்திரை முடிந்ததும் கணக்கை முடித்துவிடுவது போதாது. குணமடைந்தவரின் காலுக்கு ஏற்ற செருப்பு தடையின்றிக் கிடைக்க வேண்டும். தோலில் உணர்ச்சியற்ற தேமலைக் கண்டவர் அஞ்சி ஒளியாமல் மருத்துவமனைக்கு வர வேண்டும். பாதம் சிதைவது விதியன்று, தடுக்கக்கூடியது என்பதே பிராண்ட் விட்டுச்சென்ற பாடம்.