உண்ணியின் உண்மை கண்டவர்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (விலங்கியல்)

கல்வராயன் மலையடியில் மேய்ந்துவிட்டு வடக்கனந்தலுக்குத் திரும்பும் எங்கள் மாட்டின் காதிலும் மடியிலும் ஒட்டியிருக்கும் உண்ணிகளைப் பாட்டி ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தீயிலிடுவார். கல்லூரியில் சேர்ந்த புதிதில் அதை வீண்வேலை என்று நகைத்தேன். தியோபால்ட் ஸ்மித்தின் வாழ்வை அறிந்தபின் நாணினேன்.

ஸ்மித் 1859ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆல்பனி நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள், தந்தை தையற்காரர். உதவித்தொகை பெற்றும், ஆர்கன் வாசித்துப் பொருளீட்டியும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்று 1881இல் பட்டம் பெற்றார். 1883இல் மருத்துவப் பட்டமும் பெற்று, அரசின் கால்நடைத் துறையில் ஆய்வாளரானார்.

அந்நாளில் அமெரிக்கத் தென்பகுதி மாடுகள் சென்ற வழியெல்லாம் வடபகுதி மாடுகள் காய்ச்சல் கண்டு, சிறுநீர் சிவந்து மடிந்தன. தென்மாடுகளோ நலமாகவே இருந்தன. உண்ணிதான் காரணம் என்றனர் மாடு வளர்ப்போர். கற்றோர் பலர் அதை ஏற்கவில்லை. ஸ்மித் ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை, சோதித்தார்.

1889 முதல் நான்கு கோடைகள் வாஷிங்டன் அருகே கில்போர்ன் என்பவருடன் உழைத்தார். ஒரு பட்டியில் உண்ணியுள்ள தென்மாடுகளை வடமாடுகளோடு விட்டனர்; வடமாடுகள் நோயுற்றன. மற்றொன்றில் தென்மாடுகளின் உண்ணிகளைக் கையால் பிடுங்கியபின் விட்டனர், நோய் வரவில்லை. தென்மாடே இல்லாத பட்டியில் உண்ணிகளை மட்டும் தூவினர், நோய் வந்தது! நோயுற்ற மாட்டின் இரத்தச் சிவப்பணுக்களுக்குள் நுண்ணுயிரி இருப்பதையும், தாய் உண்ணி இட்ட முட்டையில் பொரிந்த குஞ்சுகளே நோயைக் கொண்டுசெல்வதையும் கண்டார்.

1893இல் இம்முடிவுகள் வெளியாயின. நான்கே ஆண்டுகளில் நம் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். ஸ்மித் கண்ட நுண்ணுயிரியின் இனத்தைச் சேர்ந்த ஒன்றையும், லைம் நோயையும் அமெரிக்காவில் இன்று மனிதருக்குப் பரப்புவது மான் உண்ணி. கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் 1957இல் குரங்குகள் மடிய, மனிதரையும் வாட்டிய காய்ச்சலைப் பரப்புவதும் உண்ணியே.

1934இல் ஸ்மித் மறைந்தார். தையற்காரரின் மகன், மாட்டுக்காரர்களின் சொல்லுக்குச் செவிசாய்த்ததால் மருத்துவ உலகிற்கே வழி திறந்தது. வீட்டின் முதல் பட்டதாரிகளாகப் போகும் நம்மில் பலருக்கு இது பாடமன்றோ? சென்ற விடுமுறையில் பாட்டியின் அருகே அமர்ந்து நானும் உண்ணி பிடுங்கினேன். எந்த மாதத்தில் அவை பெருகும் என்று கேட்டுக் குறித்தும் கொண்டேன்.