அடித்தலிற் பிறந்த ஓவியம்

பாரிஸ் மாநகரிலுள்ள பிகால் காட்சிமண்டபத்தில் 1930ஆம் ஆண்டு மே மாதம் ஓர் ஓவியக் காட்சி நடைபெற்றது. 125 வரையிலான படங்கள் சுவர்களில் தொங்கின. இன்ன விலங்கெனப் பெயர் சொல்லவொண்ணா விலங்குகள். பறவையோ பாத்திரமோ என ஐயுறத் தக்க வடிவங்கள். கோடுகள் தம்முட் பின்னி எவ்வுருவையும் சுட்டாது நின்ற கோலங்கள். வரைந்தவரோ ஓவியப் பள்ளியிற் பயின்று தேறியவரல்லர். அறுபத்தொன்பதாம் வயது நிறைவெய்துந் தறுவாயிலிருந்த கவியரசர் இரவீந்திரநாத தாகூரே அவர்.

1861ஆம் ஆண்டு கல்கத்தாவின் ஜோராசாங்கோ இல்லத்திற் பிறந்து, கவிதை, நாடகம், நாவல், சிறுகதை, இசை என்னும் பல துறையிலும் புகழ் நிறுவி, 1913இல் நோபல் பரிசும் பெற்றவர் என்பதனை நம் மாணவர் யாவரும் அறிவர். ஆதலின் அவற்றை விரித்தல் வேண்டா. சித்திரம் மாத்திரம் அவருக்கு நெடுங்காலம் எட்டாக் கனியாகவே இருந்தது. இளமையிற் சிறிது பயின்றார். 1900ஆம் ஆண்டளவில் விஞ்ஞானி ஜகதீச சந்திர போசுக்கு எழுதிய கடிதமொன்றில், தாம் படம் வரைய முயல்வதையும், பென்சிலினும் அழிப்பானே கூடுதலாகத் தேய்வதையும் நகைச்சுவைபடக் குறித்திருக்கிறார். தந்தையாரின் உடன்பிறந்தார் மரபில் வந்த அவனீந்திரநாதரும் ககனேந்திரநாதரும் ஓவியத்திற் புகழ் பெறுவதைக் கண்டு மகிழ்ந்தார். சாந்திநிகேதனத்திற் கலாபவனத்தை நிறுவி நந்தலால் வசுவிடம் ஒப்படைத்தார். தாம் தூரிகை தொடவில்லை.

பின் அது எங்ஙனம் வந்தது? அடித்தலினால் வந்தது. கவிதை எழுதுங்கால் வேண்டாத சொற்களை அடிப்பது எழுதுவோர் யாவர்க்கும் இயல்பு. பிழைபட்ட ஏட்டிற் சிவப்பு மை இழுக்கும் நம்மனோர் அக்கோட்டைத் திரும்பியும் பார்ப்பதில்லை. தாகூரின் கண்ணுக்கோ, தாளில் ஆங்காங்கு சிதறிக் கிடந்த அடித்தற் கோடுகள் ஆதரவற்ற பிள்ளைகள் போலத் தோன்றின போலும். ஒன்றோடொன்றை இணைத்தார்; இணைத்த கோடு வளைந்து ஓர் அலகாயிற்று; அலகுக்கு ஒரு கழுத்து வேண்டியிருந்தது. இவ்வாறு தள்ளப்பட்ட சொற்களின் மேலேயே ஒரு வடிவம் எழுந்தது. பொருளை முன்னே கருதிப் பின் கோட்டை வரைந்தாரல்லர். கோடு போன வழியே தாமும் போனார். யாப்பறிந்த கை ஆதலின் ஓசையொழுங்கு கோட்டிலும் தானே அமைந்தது என்பது எமது துணிபு.

1924ஆம் ஆண்டு பெரு நாட்டுச் சுதந்திர நூற்றாண்டு விழாவுக்குச் சென்றவர், வழியில் நோயுற்றுப் புவனஸ் அயர்ஸ் நகரில் இறங்கினார். அந்நகர்க்கு அணித்தாகிய சான் இசித்ரோவில், ஆற்றை நோக்கிய மாளிகையொன்றில் அவரை ஏறத்தாழ இரண்டு மாதம் பேணியவர் விக்தோரியா ஒக்காம்போ என்னும் இலக்கிய அம்மையார். பின்னர் ‘பூரபி’ என வெளிவந்த கவிதைகளின் கையெழுத்தேட்டைக் கண்ட அம்மையார், கவிதையினும் அடித்தல்களிலேயே கண்ணைப் பறிகொடுத்தார். வங்கமொழி அறியாதவராதலால் கோட்டைக் கோடாகவே காணும் பேறு அவருக்கு வாய்த்தது! 1925இல் வெளிவந்த அந்நூலைத் தாகூர் அவருக்கே, ‘விஜயா’ எனப் பெயரிட்டு, உரித்தாக்கினார்.

1928 முதல் படங்கள் வெள்ளமெனப் பெருகின. எழுதுகோல், துணி, விரல் ஆகிய கைக்கு எட்டியவை எல்லாம் கருவியாயின. செந்நிறத்தைப் பகுத்துணரும் ஆற்றல் அவர் கண்ணுக்குக் குறைவு என்பர் ஆராய்ந்தோர். ஏறக்குறைய 400 படங்களுடன் 1930இல் பிரான்சுக்குச் சென்றார். குறுகிய காலத்தில் மண்டபம் பெறுதல் அரிதென்றே அங்குள்ளோர் கருதினர். ஒக்காம்போ அம்மையார் வந்து தம் செல்வாக்கால் அதனை இயற்றிவைத்தார். அதன்பின் பர்மிங்காம், இலண்டன், பெர்லின், கோபன்ஹேகன், மாஸ்கோ, நியூயோர்க் எனக் காட்சிகள் தொடர்ந்தன.

தாய்நாட்டிற்கு முன் அயல்நாட்டிற் காட்டியதேன் என்று சிலர் வினவுவர். அஜந்தாவின் மென்மையைப் போற்றிய வங்க ஓவியரிடையே இவ்வுருவங்கள் அந்நியமாகவே நின்றிருக்கும். பெயரால் வரும் புகழையன்றிப் படத்தால் வரும் தீர்ப்பையே அவர் நாடினார் எனக் கொள்ளுதல் பொருந்தும். அவர் பெரும்பாலான படங்களுக்குத் தலைப்பே இட்டிலர். உரைகாணும் பழக்கமுடைய எம்போன்றோர்க்கு இது சிறிது இடர்தருவதே. பதவுரை கேட்டால் அப்படங்கள் வாய்திறவா.

பெர்லின் தேசிய ஓவியக் கூடத்துக்கு அவர் படங்கள் ஐந்து சேர்ந்தன. 1937இல் நாஜி அரசினர் புதுநெறி ஓவியங்களை இழிகலையென ஒதுக்கியபோது அவையும் அங்கிருந்து அகற்றப்பட்டன. கல்கத்தா அரசினர் கலைப்பள்ளியில் 1932இல் அவர் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1922, 1928, 1934 ஆகிய ஆண்டுகளில் இலங்கைக்கும் அவர் வந்தார். 1934இல் கொழும்பில் ‘சாபமோசனம்’ என்னும் நாட்டிய நாடகம் அவர் குழுவினரால் ஆடப்பட்டது. ஹொறணையில் சிறீபாளிக்கு அடிக்கல்லும் நாட்டினார். இசையும் நடனமும் ஓவியமும் கல்வியோடு பிரியா என்பதே அவ்விடத்தும் அவர் வேண்டியது.

இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்களை விட்டுச்சென்ற அவர், 1941 ஜூலை 30ஆந் திகதி, சத்திரசிகிச்சைக்கு முன் தம் இறுதிக் கவிதையை வாய்மொழியாகச் சொல்ல, அருகிருந்தோர் எழுதிக்கொண்டனர். அதனைத் திருத்தும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஓகஸ்ட் 7ஆந் திகதி, பிறந்த அவ்வில்லத்திலேயே உயிர் நீத்தார்.